மூன்று கம்ப்யூட்டரில் கிடந்த பேச்சு

நிச்சயம் முடிந்து, தாம்பூலத் தட்டு கைமாறி, இரண்டு வீட்டாரும் இலை முன்னால் உட்கார்ந்து பாயாசத்துக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அந்த வம்பு பிறந்தது. பிறப்பித்தவள் மாப்பிள்ளையின் தங்கை பாண்டிச்செல்வி. ஒரு கூட்டத்தில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் அமைதி நிலவினால் அவளுக்கு உடம்புக்கு என்னவோ செய்யும்.

“மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும். ஒங்க ரெண்டு பேர்ல யாரு மொதல்ல சொன்னது?”

“என்னத்த?” என்றாள் வேல்விழி.

“அதத்தான். வேற என்னத்தயாம்?”

வேல்விழி இலையில் இருந்த உப்பை விரலால் ஒதுக்கினாள். பந்தியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. “ஒங்க அண்ணன்தான்,” என்றாள்.

எதிர் வரிசையில் புகழேந்திக்குப் புரையேறியது. “யாரு, நானா? நல்லாருக்கே கதை! நீ சொன்ன பெறகுதான நான் சொன்னேன்!”

“நான் எப்பச் சொன்னேன்?”

“கேலண்டரப் பத்தி ஒண்ணு சொன்னியே!”

“அதெல்லாம் நீங்க பொண்ணு பாக்குறதப் பத்திக் கேட்டதுக்குப் பெறகு.”

“இல்லவே இல்ல. அதுக்கு முந்தி.”

பெரியவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சின்னச்சாமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினார். வேல்விழியின் அப்பா அவர். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை வேலை. மகள் கம்ப்யூட்டரில் பேசிப் பழகி ஒருத்தனைப் பிடித்திருக்கிறாள் என்ற செய்தி வீட்டுக்கு வந்த நாளில், “மொகத்தப் பாக்காம எப்பிடித்தா புடிச்சுப்போச்சு?” என்று மட்டும் கேட்டார். பையன் சாத்தூர்ப் பக்கம், அவன் அப்பாவும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான் என்று தெரிந்ததும் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டார்.

விஷயம் என்னவென்றால், இருவரும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதே இல்லை. வேல்விழிக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கேலண்டர் டிசைன் செய்கிற வேலை. புகழேந்தி சென்னையில் கடைக்காரர்களிடம் கேலண்டர் ஆர்டர் பிடித்து அனுப்பும் விளம்பரக் கம்பெனியில் இருந்தான். படத்தை மெயிலில் அனுப்பிவிட்டு யாஹூ மெசஞ்சரில் திருத்தம் சொல்வான். அவன் மாதிரி திருத்தம் சொல்கிற ஆள் சென்னையிலேயே கிடையாது. வள்ளி சேலையில் சிவப்பு கூடுதல் என்பான். குறைத்தால், பழைய சிவப்பே தேவலை என்பான். திருத்தம் பேசிப் பேசி மழை பேசினார்கள். மழை பேசிப் பேசி வீடு பேசினார்கள். எல்லாம் விரலால் பேசியது. போனில் கூப்பிட்டால் பின்னால் யாராவது நிற்பார்கள். “சாப்டீங்களா, சாப்டேன்” என்பதோடு முடிந்துவிடும்.

பாண்டிச்செல்விக்கு இது போதுமாயிருந்தது. “அப்ப ஒரு பந்தயம். யாரு மொதல்ல சொன்னாகன்னு தெரியட்டும். அவுக எல்லார் முன்னாடியும் வாயத் தொறந்து, சத்தமா, இன்னொரு தடவ சொல்லணும். என்ன மதினி?”

“எப்பிடித் தெரியும்? அதெல்லாம் காத்தோட போன பேச்சு,” என்றார் யாரோ.

வேல்விழிக்கு ரோஷம் வந்துவிட்டது. “காத்தோடல்லாம் போகல. ஒவ்வொரு வரியும் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு கெடக்கு. நான் எடுத்துக் காட்டுதேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அதற்குள் பாயாசம் வந்துவிட்டது.

பதிந்து கிடந்தது உண்மைதான். மெசஞ்சரில் ஓர் இடத்தில் டிக் அடித்துவிட்டால் பேசியதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும். அச்சக முதலாளி சீனிவாசகம் முதல் நாளே அதைச் செய்யச் சொல்லிவிட்டார். அச்சேறிய பிறகு ‘நான் பச்சைன்னா சொன்னேன்?’ என்று கேட்கிற வாடிக்கையாளர்களை அவர் நிறையப் பார்த்தவர். ஆனால் பேச்சு ஒரே இடத்தில் இல்லை. பாதி பிரஸ் கம்ப்யூட்டரில். ஞாயிற்றுக்கிழமைப் பேச்செல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செய்யது அபுதாஹிர் பாய் நடத்திய பிரவுசிங் சென்டரில், காற்றாடி ஒழுங்காகச் சுற்றுகிற அந்த மூலைக் கம்ப்யூட்டரில். மிச்சம் சென்னையில் புகழேந்தியிடம். அவன் பழைய கம்பெனியிலிருந்து விலகியதும் அங்கே அவன் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டார்கள். புது வேலையில் சேர்ந்த பிறகு பேசியதுதான் அவன் கையில் இருந்தது. சண்டையோ அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது.

வேல்விழி பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயன்ஸ். படித்து முடித்ததிலிருந்து முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்னால் ஒளிவட்டம் போடுவதைத் தவிர கம்ப்யூட்டரில் வேறு எதுவும் செய்யாதவள். மறுநாளே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மெசஞ்சர் சேமித்த கோப்புகளைத் திறந்தால் எல்லாம் கிறுக்கல். பயனர் பெயரையே சாவியாக வைத்து எழுத்தைக் கலைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். அவள் தன் பெயரைச் சாவியாகப் போட்டுப் பிரித்ததும், கிறுக்கலுக்குள்ளிருந்து ‘குட் மார்னிங் சார்’ என்று அவளே எட்டிப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள்.

பிறகு வேலை சூடு பிடித்தது. கல்லூரியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த விஷுவல் பேசிக்கை மறுபடி தூசி தட்டினாள். மூன்று இடத்துப் பேச்சையும் வாங்கி, நாளும் நேரமும் பார்த்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஒரே நீளப் பேச்சாக அடுக்கித் தருகிற சின்ன மென்பொருள். பாய் தன் கம்ப்யூட்டரில் கிடந்ததை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தார். புகழேந்தி தன்னுடையதை மெயிலில் அனுப்பினான். ‘தோக்கப் போற, தைரியமாப் பாரு’ என்று ஒரு வரியும் சேர்த்து.

மூன்றையும் சேர்த்து முதல் தடவை ஓட்டிய அன்று, பைண்டிங் பிரிவுப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி திரும்பிப் பார்த்தார்கள். வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

திரையில் முதல் வரி புகழேந்தியுடையது: ‘வீட்ல சரின்னுட்டாங்க!!! ஜாதகம்கூட வேணாமாம்!!!’

அதற்கு வெகு தூரம் கீழே, அவளுடைய வரி: ‘வணக்கம் சார். நான் டிசைன் செக்‌ஷன்லருந்து பேசுறேன்.’

அதற்கு அவன்: ‘வணக்கம். நீங்க சாரா, மேடமா?’

கல்யாணம் முடிவான பிறகு மாப்பிள்ளை பெண்ணிடம் நீ ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

காரணம் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. திரையின் மூலையில் தேதியைப் பார்த்தாள்: மார்ச், 2004. வெளியே நடந்துகொண்டிருந்ததோ 2007. அந்தப் பிரஸ்ஸில் தமிழ் எழுத்துருவுக்கு ஒரு மென்பொருள் இருந்தது. ஒரு மாதம் மட்டும் இலவசம். மாதம் முடியப் போகிற சமயத்தில் சீனிவாசகம் முதலாளி வந்து, கம்ப்யூட்டரின் தேதியை மறுபடி மார்ச் ஒன்றுக்குத் திருப்பிவிட்டு, “என்னத்தா, எப்பிடி நம்ம யோசனை?” என்று சிரித்துவிட்டுப் போவார். மாதாமாதம் பார்க்கிற கூத்துதான். அது தன் காதலுக்குள்ளும் புகுந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஊர் முழுக்கச் சுவரில் மாட்ட நாள்காட்டி அடித்துக் கொடுக்கிற இடத்தில், அவள் மட்டும் வருஷக்கணக்காக ஒரே மார்ச் மாதத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். மார்ச் ஏழாம் தேதி என்று திறந்தால் அதற்குள் தீபாவளி லோடு ஏற்றியது இருந்தது. அதன் அடியில் பொங்கல் வாழ்த்து. அதற்கும் அடியில் ஆடிக் காற்று.

பாய் கடை இன்னும் மோசம். அந்த மூலைக் கம்ப்யூட்டருக்குள் இருந்த குட்டி பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு தடவை போடும்போதும் அது 2002 ஜனவரி ஒன்றாம் தேதியில்தான் கண் விழிக்கும். அவள் போன அத்தனை ஞாயிறும் அங்கே ஒரே புத்தாண்டு.

“பாய், ஒங்க கம்ப்யூட்டர்ல நாளே நகரலையே!” என்று போனில் சிரித்தாள்.

“நெட்டு நகர்றதே பெரிசு. நாளு வேற நகரணுமாக்கும்?” என்றார் அவர்.

ஆனால் ஒரு நல்லது இருந்தது. தேதி பொய்யே தவிர, பேச்சு ஒன்றன்கீழ் ஒன்றாக, பேசிய வரிசையிலேயே படிந்திருந்தது. ஒவ்வொரு நாளின் கோப்பையும் அடுக்கு அடுக்காகப் பிரித்து, எல்லா நாட்களின் மேலடுக்கையும் ஒரு மாதமாகவும், அதற்கடுத்த அடுக்கை அடுத்த மாதமாகவும் எடுத்து வைத்தாள். எந்த மாதம் என்பதைப் பேச்சே சொல்லிவிட்டது. ‘அணை நெறஞ்சிருச்சு, அப்பா பாக்கப் போயிருக்காக’ என்று ஓரிடம். ‘தீபாவளி முடிஞ்சது, கம்பெனி லீவு, வீட்ல எல்லாரும் தூங்குறாங்க’ என்று ஓரிடம். அவற்றை ஆணியாக அடித்து, மற்றதை அவற்றுக்கு நடுவில் கோத்தாள். அடுத்த தடவை ஓட்டியபோது முதலில் வணக்கம் வந்தது. அடுத்து அவன் சாரா, மேடமா என்று கேட்டான். வீட்டில் சரி சொன்னது கடைசியில்தான் வந்தது. அவளுக்குக் கை தட்டத் தோன்றியது.

அடுத்து தேடல். அங்கேயும் ஒரு தலைவலி. இருவரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். ‘பிடிச்சிருக்கு’ என்பதை அவள் நீட்டி முழக்கி எழுதுவாள். அவன் உயிரெழுத்தைப் பாதி தின்றுவிடுவான். அவசரமாக இருந்தால் முக்கால்வாசியும் தின்பான். அவள் எழுதிய மாதிரி தேடினால் அவன் எழுதியது அகப்படாது. அதனால் குறிலும் நெடிலும் ஒன்று, தகரமும் டகரமும் ஒன்று, இரட்டித்த மெய்யும் ஒற்றை மெய்யும் ஒன்று என்று எல்லாவற்றையும் மழித்து, ஓசையை மட்டும் வைத்துத் தேடும்படி செய்தாள்.

செய்ததும் விளையாடாமல் இருக்க முடியவில்லை. ‘சார்’ என்று தேடினாள். ஆரம்பத்தில் வரிக்கு வரி சார். பிறகு வாரத்துக்கு வாரம் உதிர்ந்துகொண்டே வந்து, ஒரு மார்கழியில் நின்றேபோயிருந்தது. அப்புறம் திடீரென்று ஒரே நாளில் மழை மாதிரி சார், சார், சார். என்னவென்று பார்த்தால், பிள்ளையார் தும்பிக்கை நீளம் என்று அவன் குறை சொன்ன நாள். கோபத்தில் அவள் ‘சரி சார், ஆகட்டும் சார்’ என்று பொரிந்திருந்தாள். மறுநாள் அவன் ‘தும்பிக்கை நல்லாத்தான் இருக்கு’ என்று வந்து நிற்க, சார் மறுபடி காணாமல் போயிருந்தது. டீக்கு மணி அடித்ததுகூடக் கேட்காமல் படித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வழக்குக்கு வந்தாள். இரண்டு வரிகள்தான் சாட்சி. அவளுடையது பிரஸ்ஸில் இருந்து: ‘நாளைக்கு லீவு. உங்ககூடப் பேசாத நாளையெல்லாம் கேலண்டர்ல போடவே கூடாது.’ அவனுடையது பாய் கடையில், ஒரு ஞாயிறு: ‘அம்மா பொண்ணு பாக்கணும்கிறாங்க. சிவகாசியிலயே பாருங்கன்னு சொல்லிரவா?’ இரண்டும் ஒரே ஆடி மாதம். எது முன்னால்?

தன் வரிக்கு மேலே போனாள். லீவு எதற்கு என்று அவளே சொல்லியிருந்தாள்: இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடிக் கடைசி வெள்ளி. அவன் வரிக்கு மேலே போனாள். அங்கே அவளே புலம்பியிருந்தாள்: ‘வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கூட்டத்துல என் செருப்பு போச்சு.’

வெள்ளிக்கு முந்தின நாள் அவள் சொன்னது. வெள்ளிக்குப் பிந்தின ஞாயிறு அவன் கேட்டது.

அவள்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். சந்தேகத்துக்கே இடமில்லை. தோற்றுப்போனதில் முகம் சிவந்தது. ஆனால் உள்ளே என்னமோ பூச்சட்டி கொளுத்தினாற்போல் சிதறிச் சிதறிச் சிரிப்பு வந்தது. இவ்வளவு தைரியம் இந்த விரலுக்கு எங்கிருந்து வந்தது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை, கல்யாணப் பத்திரிகை தேர்ந்தெடுக்க மாப்பிள்ளை வீட்டார் சிவகாசிக்கு வந்தார்கள். பத்திரிகைக் கடைக்குப் போகுமுன் பாண்டிச்செல்வி எல்லோரையும் பாய் கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பாய் மற்ற வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். தட்டி வைத்துத் தடுத்த அந்த மூலைக்குள் இரண்டு குடும்பமும் நெருக்கி நின்றது. சின்னச்சாமி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி விரலிடுக்கில் மின்னியது. வேல்விழியின் அம்மா வள்ளித்தாய்க்கு நாற்காலி கிடைத்திருந்தது. புகழேந்தி வேல்விழிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, ஜெயித்தவன் மாதிரி நின்றான்.

“பாருங்க, நான் எல்லாத்தையும் வரிசையா அடுக்கிட்டேன்,” என்று வேல்விழி தொண்டையைச் செருமினாள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். “இருக்கன்குடித் திருவிழாவுக்கு மொத நாளு...”

“அந்த வியாக்கியானமெல்லாம் வேணாம் மதினி,” என்றாள் பாண்டிச்செல்வி. “தேடுற வசதி இருக்குன்னீகள்ல? நேரா காதல்னு போடுங்க. எது மொதல்ல வருதோ அதுதான் தீர்ப்பு.”

வேல்விழி என்னென்னவோ தேடியிருந்தாளே தவிர, பிரஸ்ஸில் உட்கார்ந்து அந்தச் சொல்லை மட்டும் அடிக்கக் கூச்சப்பட்டு விட்டிருந்தாள். எப்படியும் இருக்கன்குடிக்கு முன்னால் எதுவும் இருக்காது என்ற தைரியத்தில் இப்போது அடித்தாள். பட்டியல் வந்தது. முதல் வரி, இருவரும் அறிமுகமான மறு வாரத்தது. சொன்னவன் புகழேந்தி.

பாண்டிச்செல்வி திரைக்குள் முகத்தை நுழைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தம் போட்டுப் படித்தாள்:

“‘எனக்குக் காதல் வேணும். இப்ப இருக்கிறது பத்தாது. நீங்கதான் போட்டுத் தரணும். ரொம்ப அவசரம்.’”

பாய் கடையின் தட்டியெல்லாம் ஆடுகிற மாதிரிச் சிரிப்பு வெடித்தது.

“ஆத்தாடி!” என்று வள்ளித்தாய் நெஞ்சில் கை வைத்தாள். “பேச ஆரம்பிச்ச மறு வாரமேவா!”

“அய்யய்யோ, அது காதல் இல்ல!” புகழேந்தி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். “கடல்! அது கடல்! திருச்செந்தூர் முருகன் படத்துக்குப் பின்னாடி போடுற கடல்! படத்துல கடல் கொஞ்சூண்டு தெரிஞ்சுச்சு, பெருசாக் கேட்டேன்!”

“எழுத்து என்ன சொல்லுது?” என்றார் பாய், நீதிபதி மாதிரி.

“இங்கிலீஷ் எழுத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் பாய் இருக்கும்!”

“நாங்க கேட்டது காதல். கம்ப்யூட்டர் எடுத்துக் குடுத்தது இது. கம்ப்யூட்டருக்கு யாரு மேலயும் பாசம் கெடையாது.”

சின்னச்சாமி மாப்பிள்ளையின் தோளில் கை வைத்தார். “மாப்ள, எனக்குப் படிப்புக் கம்மி. ஆனா கடல அம்புட்டு அவசரமாக் கேட்ட ஆள நான் இங்கனதான் பாக்கேன்.”

அதற்குமேல் யாருக்கும் நிற்க முடியவில்லை. பாண்டிச்செல்வி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். புகழேந்தியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வேல்விழிக்குச் சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. தகரமும் டகரமும் ஒன்று என்று மழித்தது அவள் கைதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள்: “கேளுங்க, கேளுங்க. அது கடல்தான். அவரு சொல்றது நெசம். மொதல்ல சொன்னது நான்தான். இந்தா பாருங்க, வியாழக்கிழமை...”

“பாத்தீகளா!” என்று அவள் மாமியார் எல்லோரையும் பார்த்துப் பூரித்தாள். “கல்யாணத்துக்கு முந்தியே எம் மகன விட்டுக் குடுக்க மாட்டேங்கா!”

“இல்ல அத்தை, நெசமாவே நான்தான்...”

“இருக்கட்டும்த்தா, இருக்கட்டும். புரியுது.”

ஒருவர்கூட நம்பவில்லை. புகழேந்தி மட்டும் குனிந்து திரையைப் பார்த்தான். கேலண்டர், வியாழன், இருக்கன்குடி, செருப்பு, ஞாயிறு. படித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் முகத்தில் ஜெயித்த களை ஒரு கணம் வந்தது; என்னவோ யோசித்ததும் அது வேறு மாதிரி ஆனது. நிமிர்ந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“சரி. தோத்துட்டேன். நானே சொல்லுதேன்.”

பாய் காற்றாடியைக்கூட நிறுத்தினார். பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில், தெருவில் யாரோ நின்று குனிந்து பார்ப்பது தெரிந்தது.

“வேலு,” என்றான் புகழேந்தி. குரல் கீச்சென்று வந்தது. மறுபடி ஆரம்பித்தான். “வேலு. டைப் அடிக்கும்போது கடகடன்னு வரும். இப்ப... இரு. எனக்கு ஒன்னையப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆரம்பத்துலருந்தே. ஒன்கூடப் பேசணும்னுதான் இல்லாத திருத்தத்தயெல்லாம் கண்டுபிடிச்சு அனுப்புனேன்.”

வேல்விழியின் சிரிப்பு நின்றது. “இல்லாத திருத்தமா?”

“ஆமா.”

“வள்ளி சேலைச் செவப்பு?”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“மயில் கழுத்து நீலம்? அத எத்தன தடவ மாத்துனேன்! மொதலாளிகிட்ட ஏச்சு வாங்குனேன்!”

“மொத நீலமே பிரமாதம். மாத்த மாத்த ஒரு வாரம் பேசுனோம்ல?”

“பிள்ளையார் தும்பிக்கை?”

“அது மட்டும் நெசமாவே நீளம்.”

அவள் மேசையில் கிடந்த மவுஸ் அட்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அது சின்னச்சாமி மேல் போய் விழுந்தது. அவர் அதைப் பவ்யமாக எடுத்து மேசையில் வைத்தார். வேல்விழி எழுந்து நின்றாள். வந்த சூட்டிலேயே, யாரையும் பார்க்காமல், அவனை மட்டும் பார்த்து, “எனக்கும் ஒங்களப் பிடிச்சிருக்கு. ஒங்களுக்கு முந்தியே பிடிச்சிருக்கு. போங்க!” என்று கத்தினாள். ஷட்டருக்கு அடியில் யாரோ விசில் அடித்தார்கள்.

பாயின் மனைவி அமீனா மாடியிலிருந்து தேநீர்த் தட்டோடு இறங்கி வந்தபோது எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யார் சொல்வதும் யாருக்கும் கேட்கவில்லை. அமீனா ஆளாளுக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு, வேல்விழியை ஓரமாக இழுத்துப் போனாள்.

“வேலு, இந்த மிஷின வச்சு சண்டையத் தேடலாமா?”

“என்ன சண்டைக்கா?”

“எங்க மக சுமைராவும் அவ மாப்பிள்ளையும். தவுபிக் சவூதியில தம்மாம்ல இருக்காருல்ல, அவரும் இவளும் மெசஞ்சர்லதான் பேசுவாக. இப்ப ஒரு வாரமா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காக. கேட்டா, நீதான் ஆரம்பிச்சன்னு அவரு, நீங்கதான்னு இவ. யாருன்னு பாத்துச் சொல்லேன். மாடியிலதான் கம்ப்யூட்டர் இருக்கு.”

மற்றவர்கள் பத்திரிகைக் கடைக்குக் கிளம்பச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். “ரோஜாப்பூ போட்டதா, குத்துவிளக்குப் போட்டதா?” என்று பாண்டிச்செல்வி யாரிடமோ மல்லுக்கு நின்றாள். வேல்விழி, “நீங்க முன்னால போங்க, வந்துர்றேன்,” என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள். கூடவே, கேட்காமலே, புகழேந்தியும் ஏறினான்.

சுமைரா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கம்ப்யூட்டரில் தேதி சரியாக இருந்தது. தவுபிக்கிடம் புகழேந்தி போனில் சொல்லி, அவன் பக்கத்துக் கோப்பையும் மெயிலில் வரவழைத்தான். வேல்விழி இரண்டையும் கோத்து அந்த நாளைத் திறந்தாள். சுமைராவின் பக்கத்தில் பேச்சு ஓரிடத்தில் அறுந்திருந்தது. தவுபிக்கின் பக்கத்திலோ அதற்குப் பிறகும் அவன் தனியாக எழுதிக்கொண்டே போயிருந்தான்: ‘என்ன பதிலக் காணோம்? கோவமா? சரி, கோவிச்சுக்கோ. நானும் போறேன்.’

“அன்னைக்கு எத்தன மணிக்குக் கரண்டு போச்சு?” என்று கேட்டாள் வேல்விழி.

சுமைரா கண்ணை விரித்தாள். “சாயந்தரம் நாலு மணிக்குப் போயி, ராத்திரிதான் வந்துச்சு. வந்து பாத்தா அவரு ஆஃப்லைன்ல போயிட்டாரு. சொல்லாமப் போயிட்டாரேன்னுதான்...”

“அவரு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. ஒங்களுக்கு வந்து சேரல.”

சுமைரா திரையையே பார்த்தாள். பிறகு உம்மென்ற முகத்தை வைத்துக்கொள்ள முடியாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, வேல்விழி கையிலிருந்த மவுஸைப் பிடுங்கினாள். “நீங்க ரெண்டு பேரும் கீள போங்க. நான் அவருகிட்டப் பேசணும்.”

கதவைச் சாத்துமுன்பே கீபோர்டு தடதடக்கத் தொடங்கிவிட்டது. படியில் இறங்கும்போது புகழேந்தி முதல் தடவையாக வேல்விழியின் கையைப் பிடித்தான். கீழே அமீனா அண்ணாந்து பார்த்து நின்றதைக் கண்டும் விடவில்லை. “என்னாச்சு, யாரு மேல தப்பாம்?” என்று அவள் கேட்டதற்கு, இருவரும் ஒரே குரலில், “கரண்டு ஆபீஸ் மேல,” என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் பத்திரிகைக் கடைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.